காதுக்கு வந்த கரகரப்பு

விம்கோ நகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மகிழினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், டொராண்டோ குளிரில் நீயும் வேளைக்குச் சூடாகச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். பீம்ராவைக் கல்யாணம் செய்துகொள்ளட்டுமா என்று போன மாதம் போனில் கேட்டாய், நானும் சரி என்றேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதறாதே, முதலில் என் பழைய கிராமபோன் ரெக்கார்டு பஞ்சாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நீ அனுப்பிய ஸ்பீக்கரில் பாட்டு வருகிறது, உயிர் வரவில்லை, ரெக்கார்டு என்றால் பாடுகிறவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார் என்று அம்மாவிடம் தினமும் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற உனக்கே பாடம் எடுத்தவன் ஆயிற்றே. ரெக்கார்டின் கரகரப்பு தாங்கவில்லை என்று நீ சொன்னபோது, எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் உன் காதில்தான் படிந்திருக்கிறது என்றேன். என்னோடு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ரஷீது இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, எனக்கு ஒரு பரீட்சை வைத்துவிட்டான். அம்மாவின் புடவையைத் திரையாகக் கட்டி, பின்னால் உட்கார்ந்து, ஒரே பாட்டை ரெக்கார்டிலும் ஸ்பீக்கரிலும் மாற்றி மாற்றிப் போட்டான். இரண்டுக்கும் சத்தம் ஒரே அளவு, அதில் நேர்மையான ஆள். தோத்துட்டா காது டாக்டராண்ட வந்துடணும், பேச்சு மாறக் கூடாது என்று அம்மா நடுவில் புகுந்தாள். அந்த யோசனை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன. நான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஆகா இதுவல்லவா ரெக்கார்டு என்று உருகியதெல்லாம் உன் ஸ்பீக்கர். ரெக்கார்டு வெச்சா கடுகு தாளிக்கிற மாதிரி பொரியுது, அதுகூடவா கேக்கல உனுக்கு என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கிரேன் இரைச்சலில் மெல்லிய சத்தமெல்லாம் காதை விட்டுப் போய்விட்டது, மெஷின் வைத்தாக வேண்டும் என்றார் டாக்டர். வைத்துக்கொண்டு வந்து முதல் வேலையாக ரெக்கார்டு போட்டால் ஒரே கரகரப்பு. ஊசி உடைந்துவிட்டது என்று ரஷீதைக் கூப்பிட்டேன். அது எப்பவும் அப்டித்தான் கீது மாமு, நீதான் இப்போ வந்துகீறே என்று சொல்லிவிட்டு டீ கேட்டான். உன் ஸ்பீக்கர் பரவாயில்லை என்று நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்று நீ கேட்டது என் காதில் விழவே இல்லை மகிழ். கொஞ்ச காலமாகவே போனில் உன் குரல் வருகிறது, வார்த்தை வருவதில்லை. திரும்பக் கேட்டால் கவலைப்படுவாய் என்று எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். அன்றும் ஸ்பீக்கரைப் பற்றி ஏதோ கேட்கிறாய் என்று நினைத்தேன். மறுநாள் அம்மா கல்யாணத்துக்கு மண்டபம் எங்கே பார்ப்பது என்றபோதுதான் விஷயமே தெரிந்தது. மகள் இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டிருக்கிறாள், அப்பன் ஸ்பீக்கருக்குப் பதில் சொல்லியிருக்கிறான். நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

அதனால் அந்தச் சரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோபப்படாதே. ஹெட்போனை மாட்டிக்கொண்டே தூங்காதே, காது போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. நீயும் அந்தப் பையனும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிறு அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேள். பதில் மாறாது. ஆனால் நீ கேட்பதை நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா
ஜெயவேல்