பச்சைக்கரை வேட்டி

காவலூர்,
கார்த்திகை 9.

அன்புள்ள மகள் கல்பனாவுக்கு உன் நைனா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எங்களைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மலையில் குளிர் ஏறிவிட்டது. அம்மா காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டுதான் வாசல் தெளிக்கிறாள், நான் கூப்பிடுவது காதில் விழாமல் போக அவளுக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது.

தீபாவளிக்கு நீ ஆன்லைனில் வாங்கி அனுப்பிய சட்டையால் எனக்கு நேர்ந்த மானக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்சல் கொண்டுவரும் ரஞ்சித்குமார் டீக்கடை எதிரில் வண்டியை நிறுத்தி, பத்துப் பேர் பார்க்க, "துணிக்கடைக்காரருக்கே துணி வந்துகீதுபா" என்று கத்தினான். இருபத்தாறு வருஷமாகத் துணி விற்கிறவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, இது துணி இல்லை அரிசி போட்டுவைக்கும் டப்பா என்று சொல்லி வாங்கி, கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதோடு விட்டேனா, தீபாவளி அன்றைக்கு அதையே மாட்டிக்கொண்டு அதே டீக்கடைக்குப் போனேன். "இன்னா அண்ணாத்தே, டப்பா ஒடம்புக்குக் கச்சிதமா கீதே, மூடி எங்க" என்று கேட்டார்கள். கை மட்டும் ஒரு விரற்கடை நீளம், அம்மா மடித்துத் தைத்துக் கொடுத்தாள். மற்றபடி நல்ல சட்டை, என் கடையில் அப்படி ஒன்று இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் நீ கேட்டாயே, கடையைத் தை பிறப்பதற்குள் மூடிவிட்டு இரண்டு பேரும் புனேவுக்கு வருகிறீர்களா இல்லையா என்று. அம்மா பக்கத்திலேயே நின்றாள், அதனால் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மலைக்காரர்களுக்குச் சிவப்பும் பச்சையும் போதும் என்று இத்தனை வருஷம் முடிவு பண்ணினவன் நான்தானே. திருப்பத்தூர் மொத்தக்கடையில் எது விலை இறங்கி வந்ததோ அதுதான் இந்த ஊருக்குப் பிடித்த கலர் என்று அடுக்கி வைத்தேன், வேறு கலர் வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். இப்போது சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி உட்கார்ந்து பெண்கள் உலகத்துச் சேலையெல்லாம் பார்க்கிறார்கள். கலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் கட்டிக்கொண்டு வரும்போது லட்சணமாகத்தான் இருக்கிறது. கடைக்கும் வருகிறார்கள், வராமல் இல்லை. சேலையை இரண்டு விரலில் பிடித்துப் பார்ப்பார்கள், ஒரு போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஐந்து நாள் கழித்து அதேபோல ஒன்றைப் பார்சலில் வாங்கிக்கொண்டு, அதற்கு ஏற்ற லைனிங் துணி கேட்டு என்னிடமே வருவார்கள். இந்தத் தீபாவளிக்கு நான் விற்றது லைனிங் துணியும் நாலு துண்டும்தான்.

அப்படியானால் கடை எதில் ஓடுகிறது என்று கேட்பாய். சாவில் ஓடுகிறது கல்பனா. செத்தவர்களுக்குப் போடும் கோடித் துணிக்கு மட்டும் இன்றைக்கும் என்னைவிட்டால் ஆள் இல்லை. கல்யாணத்துக்குத் தேதி இருக்கிறது, ஐந்து நாளில் வந்துசேரும் என்றால் காத்திருக்கலாம், பொணம் காத்திருக்குமா. ஒரு சாவு என்றால் சம்பந்தி, பங்காளி, மாமன் மச்சான் என்று ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். பேரம் கிடையாது, விரித்துப் பார்ப்பது கிடையாது. வாங்கினதை ஏழு நாளில் திருப்பி அனுப்பலாம் என்று போனில் போடுகிறார்களாமே, என் சரக்குத் திரும்பி வந்ததே இல்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. கோடி வாங்கினவர்கள் வர்றேன் என்று சொல்லக்கூடாது அல்லவா, பேசாமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். என் கடையில் யாராவது போய்ட்டு வர்றேன் என்று சொல்லி எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவு வரவில்லை. முன்பெல்லாம் அந்தத் துணியைப் பேப்பர் சுற்றிக் கடைசி அலமாரியில் கீழ்த்தட்டில் வைப்பேன். இப்போது அது கைக்கு எட்டுகிற முன் தட்டில் இருக்கிறது, எப்போது அங்கே கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஐப்பசியில் நம்ம ரேணுகாதேவி டீச்சர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். எவர்சில்வர் குடம் ஒன்றைக் கடையின் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் என்னையும் பையையும் பார்த்த டீச்சருக்கு முகம் செத்துப் போய்விட்டது, "யாருக்குங்க, இன்னா ஆச்சு" என்று கேட்டார்கள். நான் குடத்தை வெளியே எடுத்துக் காட்டிவிட்டு அசடு வழிந்தேன். கேசரி நன்றாக இருந்தது, வாசலிலேயே நின்று தின்றுவிட்டுத் திரும்பினேன்.

ராஜாக்கண்ணுவை உனக்கு நினைவிருக்கும், சாமை போடுகிறவன், கடை திறந்த அன்றைக்கு முதல் போணி பண்ணினவன், ஒரு வேட்டிக்கு அரை நாள் பேரம் பேசி என் உயிரை எடுப்பானே. நெஞ்சில் சளி கட்டி அவன் படுத்த படுக்கையாகிவிட்டான். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். போன ஞாயிறு பார்க்கப் போனேன். பையை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு, சாத்துக்குடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன். அப்படியும் என்னைப் பார்த்ததும், "வா பஞ்சாட்சரம், அளவெடுக்க வந்தியா. படுத்துப் படுத்து கொஞ்சம் சுருங்கிட்டேன், துணி கொறச்சலாவே கிழி" என்றான். அவன் பெண்சாதி மங்கம்மாள் அவனை வைதாள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். மறுநாள் சரக்கு எடுக்கத் திருப்பத்தூர் போனேன். கோடி எத்தனை வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார், எப்போதும் எடுப்பதைச் சொன்னேன். பிறகு தனியாக ஒரு நல்ல வேட்டி, இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைக்கரை போட்டது, எடுத்து வைக்கச் சொன்னேன். அவனுக்குப் பச்சைக்கரைதான் பிடிக்கும். சிநேகத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று பஸ் மலை ஏறும் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கொண்டுவந்து முன் தட்டில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

ஆகவே கடையை மூடிவிடுகிறேன். மார்கழி கடைசியில் சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவேன். கேட்கிறவர்களிடம் முட்டி வலி என்று சொல்லிக்கொள்கிறேன், அம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். புனேவுக்கு வந்து நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை, வேலை இல்லாத ஆளைச் சகித்துக்கொள்ளும் பொறுமை மாப்பிள்ளைக்கு உண்டா என்று ஜாடையாகக் கேட்டு வை.

பேரனுக்கு இருமல் என்றாயே, வெந்நீரே கொடு. ரஞ்சித்குமாரிடம் கொடுத்துப் பார்சலில் புளி அனுப்புகிறேன், கொட்டை எடுத்ததுதான், வந்தவுடன் ஒரு வெயில் காட்டி வைக்க மறக்காதே. இனிமேல் எனக்கு எதுவும் ஆன்லைனில் அனுப்பாதே, இருக்கிற சட்டை போதும். குலதெய்வம் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், நீடூழி வாழ்க.

இன்னொன்று, நீ மட்டும் தெரிந்துகொள். நேற்றுக் காலை கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது, மங்கம்மாள் பெயர் வந்தது. எடுத்துப் பேசினேன். நாலு நாளைக்குப் பிறகு ராஜாக்கண்ணு அரை உருண்டை களி தின்றானாம், என்னைப் பார்க்கவேண்டும் என்கிறானாம், "ஒரு நட வந்துட்டுப் போங்கண்ணா" என்றாள். ரொம்ப நல்ல சேதிம்மா, சாயந்திரம் வர்றேன் என்று சொல்லி வைத்தேன். போனை எடுப்பதற்கு முன்பே நான் அந்தப் பச்சைக்கரை வேட்டியை இறக்கிப் பையில் போட்டுவிட்டிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் நைனா,
பஞ்சாட்சரம்.