கம்பி ஓரத்து வீடு

அக்டோபர் 9, செவ்வாய்

இன்று காலை கம்பியில் மின்சாரம் விட்டுவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. துணி காயப்போட மாடிக்குப் போனேன், தலைக்கு மேலே 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல். நேற்றுவரை சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஆறு கம்பிகள். ஈரத்துணியை அப்படியே வாளியில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

கோபுரத்தின் காலில் மஞ்சள் பலகை: நாலு லட்சம் வோல்ட், மண்டையோடு படம். பலகையிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வரிசை, பதினான்கு வீடு.

கடையிலும் வேலை ஓடவில்லை. ஒரு லென்ஸைத் தேய்க்கும்போதே பாழாக்கினேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷம் ஆகிறது. லென்ஸின் மையம் கருவிழியைவிட்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் போதும், போட்டவருக்குத் தலை சுற்றும். திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் எறிவார். நாங்களும் வாயை மூடிக்கொண்டு மாற்றிக் கொடுப்போம். இவர்கள் ஒரு கோபுரத்தையே ஒன்பது மீட்டர் தள்ளி நட்டிருக்கிறார்கள். நகராட்சியில் ஒட்டிய வரைபடத்தில் எங்கள் வரிசைக்கும் கம்பிக்கும் நடுவே முப்பது மீட்டர். நானும் மகளும் டேப் பிடித்து அளந்தோம். இருபத்தொன்று.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார்களாம். வேலை நாளில், பகல் பதினோரு மணிக்கு. அறிவிப்பை ஒட்டிய இடம் பொதுக் கழிப்பறையின் பின்சுவர். நாங்கள் என்ன பல்லியா, அங்கே போய்ப் படிக்க?

அக்டோபர் 14, ஞாயிறு

கடைசி வீட்டுப் பெரியவர் எங்கிருந்தோ ஒரு மீட்டர் வாங்கி வந்திருக்கிறார். கைப்பேசி அளவு. கம்பியிலிருந்து வருகிற காந்தப் புலத்தை அளக்குமாம். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்குகிறார். தெருவே 'மீட்டர் மாமா' என்று பேர் வைத்துவிட்டது.

எங்கள் வீட்டில், மகள் படுக்கும் கட்டிலுக்கு மேலே பிடித்தபோது முள் துள்ளி ஒரு எண்ணில் நின்றது. "பாத்தியாம்மா? குழந்தை தலைக்கு நேரா!" என்றார். அவளுக்குப் பதினான்கு வயது. குழந்தை என்றதும் முறைத்தாள்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் கட்டிலை எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 23, செவ்வாய்

அரைநாள் விடுப்பு போட்டு, கம்பி போட்ட கம்பெனியின் அலுவலகம் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து, ஒரு அதிகாரியின் முன்னால் மூன்று நிமிடம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கு."

"யார் போட்ட வரம்பு? ஒன்பது மீட்டர் தள்ளி நட்டது எந்த வரம்பு?"

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

உடம்புக்கு என்ன செய்யும் என்று கேட்டால், ஒன்றும் செய்யாது என்று அச்சடித்த தாளைத் தருகிறான். சிரிக்கும் குடும்பத்தின் படம் போட்ட தாள். அந்தக் குடும்பத்தை என் வீட்டு மாடியில் ஒரு வாரம் குடிவைக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம்.

அக்டோபர் 28, ஞாயிறு

மீட்டர் மாமாவின் யோசனை: கம்பியைப் பார்த்த ஜன்னல்களை எல்லாம் அலுமினியத் தகடு வைத்து அடைத்துவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை இல்லை. "காத்து எப்படி வரும்?" என்றார். "காத்து வந்து என்ன, கம்பியும் சேந்து வருதே" என்றேன். அவர் பேக்கரி வேன் ஓட்டுகிறார். விடியுமுன் போனால் சாயங்காலம்தான் வருவார். அவரைவிடக் கம்பிக்குக் கீழே அதிக நேரம் கிடப்பது நாங்கள்தானே?

கடைசியில் ஏணி போட்டு அவரே அடித்தார். கூடத்து ஜன்னல், படுக்கையறை, சமையலறை, குளியலறையின் மேல் ஜன்னல். இடுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. இன்றுதான் கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

நவம்பர் 5, திங்கள்

குளிர் வந்துவிட்டது. வெந்நீர் இல்லாமல் கை வைக்க முடியவில்லை. குளியலறை கேஸ் ஹீட்டர் காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறது.

மகளுக்கு நான்கு நாளாகத் தலைவலி. எனக்கும். காலையில் நெற்றிப்பொட்டில் சுத்தியல் அடிக்கிறது. கடைக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. கடை கம்பியிலிருந்து மூன்று கிலோமீட்டர். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

நவம்பர் 11, ஞாயிறு

மூன்று நாள் அக்கா வீட்டில் இருந்தோம். மகளுக்கு ஒரு நாள்கூடத் தலைவலி இல்லை. எனக்கும் இல்லை. இன்று திரும்பி வந்து, குளித்துவிட்டு வந்த உடனே வாந்தி எடுத்தாள்.

ஒன்றும் செய்யாது என்று அச்சடித்துக் கொடுத்தார்களே. இதோ சாட்சி.

வீட்டுக்காரர், "டாக்டர்ட்ட காட்டிடலாம்" என்றார். "டாக்டர் என்ன, கோபுரத்தைப் பிடுங்கி நடுவாரா?" என்று கத்தினேன். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்றார் பாவமாக. நீங்க வீட்டுல இருந்தாத்தானே பண்ணும்! ஹீட்டர் மூட்டுமுன்பே குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு ஓடுகிற மனுஷன்.

தகட்டுக்கு மேல் இன்னொரு தகடு அடிக்கச் சொன்னேன். அதையும் அடித்தார்.

நவம்பர் 14, புதன்

கலெக்டர் ஆபீசுக்கு மனு தயார். முப்பத்தெட்டு கையெழுத்து. முதல் பத்தி என் மகளைப் பற்றி: தலைவலி, வாந்தி, பள்ளியில் கவனமின்மை. இரண்டாவது பத்திதான் ஒன்பது மீட்டர் கதை. மீட்டர் மாமா, "முதல் பத்தியைப் படிச்சா கல்லும் கரையும்" என்றார்.

நவம்பர் 19, திங்கள்

கம்பெனியிலிருந்து அளக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பொறியாளராம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதுகுப்பையும் பெரிய மீட்டருமாக வந்தாள். பெரிய ஆளை அனுப்பக்கூட நமக்குத் தகுதி இல்லை பாருங்கள்.

ஒவ்வொரு அறையாக அளந்தாள். ஜன்னல்களைப் பார்த்து நின்றாள்.

"இதை எதுக்கு அடைச்சிருக்கீங்கக்கா?"

"உங்க கம்பிக்குத்தான். நான் உங்க அக்கா இல்ல."

"இது காந்தப் புலத்தை நிறுத்தாதுங்க. காத்தை மட்டும்தான் நிறுத்தும்." பிறகு குளியலறையை எட்டிப் பார்த்தாள். "இங்க கேஸ் ஹீட்டர் இருக்கு. இதுக்கு வெளிய போற குழாய் எங்க?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். கம்பியை அளக்க வந்தவள் என் குளியலறையில் குறை கண்டுபிடிக்கிறாள்! பழியை எங்கள் மேலேயே திருப்புகிற தந்திரம். "போதும், கிளம்புங்க" என்று வாசலைக் காட்டினேன். அவள் வாசலில் நின்று ஒரு தாளில் ஏதோ எழுதி, "இதைத் தயவுசெஞ்சு படிங்க" என்று நீட்டினாள். மடித்து அலமாரி மேல் எறிந்தேன்.

தெருவே என்னைப் பாராட்டியது.

நவம்பர் 22, வியாழன்

ஆஸ்பத்திரி. மகள் பிழைத்துவிட்டாள். அதை முதலில் எழுதிக்கொள்கிறேன். பிழைத்துவிட்டாள்.

நவம்பர் 23, வெள்ளி

நேற்று காலை பள்ளிக்குக் கிளம்பக் குளிக்கப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரமாகக் கேட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். தரையில் கிடந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, தூங்குகிற மாதிரி. எதிர்வீட்டு ஆட்டோக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மாவிடம் நானே முந்திக்கொண்டு, "கம்பி டாக்டர், வீட்டுப் பக்கத்துல ஹைடென்ஷன் கம்பி" என்றேன். அவர் கேட்டதெல்லாம் வேறு. குளிக்கும்போதா? ஹீட்டர் எங்கே இருக்கிறது? ஜன்னல் திறந்திருந்ததா?

ரத்தம் எடுத்தார்கள். எனக்கும்.

"கார்பன் மோனாக்சைடு. கேஸ் சரியா எரியாம வர்ற வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வெளிய போக வழியில்லாம வீட்டுக்குள்ளயே நின்னிருக்கு. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா..."

"அப்ப கம்பி?"

"கம்பியால எதுவுமே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஆனா இவ ரத்தத்துல இருக்கறது கம்பியிலேருந்து வரல."

நான்தான் அடைச்சேன். டேப் ஒட்டினது நான். போதாதுன்னு ரெண்டாவது தகடு அடிக்கச் சொன்னதும் நான். அவர் காத்து எப்படி வரும்னு கேட்டாரே. டாக்டர்ட்ட போலாம்னு சொன்னாரே. ஊர்ல இருக்கறவனை எல்லாம் வாயால கிழிச்சேனே, என் பொண்ணு என் கண்ணு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா— எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு? என்ன பொம்பளை நான்?

நவம்பர் 25, ஞாயிறு

வீட்டுக்காரர் எல்லாத் தகடுகளையும் பிய்த்து எறிந்தார். கையில் ரத்தம். மருந்து போடப் போனேன், கையை இழுத்துக்கொண்டார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். "நான்தான அடிச்சேன்" என்றார் அப்புறம், சுவரைப் பார்த்துக்கொண்டு. கீழே கிடந்த தகடுகளை இரண்டு பேருமாகப் பொறுக்கினோம்.

அலமாரி மேலிருந்த தாளை எடுத்துப் படித்தேன். 'ஹீட்டரை உடனே நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். உங்கள் தலைவலிக்கு இதுதான் காரணமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்.' கீழே அவளுடைய சொந்தக் கைப்பேசி எண்.

பிறகு தெருவில் தகடு அடித்திருந்த மற்ற ஐந்து வீடுகளுக்கும் போனேன். உள்ளே போய் நானே ஜன்னலைத் தட்டித் திறந்தேன். ஒருத்தி, "கம்பெனிக்காரன்கிட்ட எதுவும் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அறைந்திருப்பேன். என் மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். அவளே டேப்பைப் பிய்த்தாள்.

டிசம்பர் 2, ஞாயிறு

மகள் நன்றாக இருக்கிறாள். சண்டை போடுகிறாள், அதனால் தெரிகிறது.

மீட்டர் மாமா வந்தார். மனுமேல் விசாரணைக்குத் தேதி வந்திருக்கிறது. அன்று திருத்திய மனு கொடுக்கலாமாம். மனுவின் முதல் பத்தியை எடுத்துவிட வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது.

"பொண்ணு மயங்கி விழுந்தது நிஜம்தானே? எதனாலன்னு நாம சொல்லவே வேண்டாம். அவங்களா புரிஞ்சுக்கட்டும்."

"அது பொய் மாமா."

"அவன் சொல்லாத பொய்யா? இதை எடுத்தா நம்ம கேஸ் ஜன்மத்துக்கும் நிக்காது. தெருவையே காட்டிக் குடுக்கற நீ."

மாமா போன வருஷம்தான் மனைவியைப் புற்றுநோயில் பறிகொடுத்தார். அப்போது கம்பிக்குக் கோபுரம்கூட நடவில்லை. ஆனாலும் யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் அவருக்கு. எனக்குப் புரியாதா? நானும் அதைத்தானே செய்தேன். ஆனால் மகள் செத்துப்போயிருந்தால்கூட அவளைப் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தியிருப்பேனோ என்று நினைத்தபோதே பேனாவை எடுத்துவிட்டேன்.

அடித்தேன். முதல் பத்தி முழுவதும், குறுக்கே கோடு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 12, புதன்

விசாரணை. எங்கள் தெருவிலிருந்து நான்கே பேர். மாமா வந்தார், கடைசி வரிசையில், என்னைப் பார்க்காமல்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். தலைவலிக்குக் காரணம் ஹீட்டர், அடைத்தது நான். கம்பெனி வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "ஆக, கம்பியால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று அம்மாவே ஒப்புக்கொள்கிறார்."

எழுந்துவிட்டேன். "எங்க ஒத்துக்கிட்டேன்? என் பொண்ணு தலைவலிக்கு உங்க கம்பி காரணம் இல்லன்னேன். என் தப்பை நான் சொல்லிட்டேன். உங்க தப்பை நீங்க எப்ப சொல்லப் போறீங்க? முப்பது மீட்டர்னு வரைஞ்சுட்டு இருபத்தொண்ணுல ஏன் நட்டீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்க வீட்டுக் கதவைத் தட்டி இதான் விஷயம்னு சொல்லியிருந்தா நாங்க ஏன் தகடு தேடிப் போறோம்? பயத்தை மட்டும் தலைக்கு மேல தொங்கவிட்டுட்டு, வரம்புக்குள்ள, வரம்புக்குள்ளன்னா?"

விசாரணை அதிகாரி உட்காரச் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

பிறகு வக்கீலிடம், "கோபுரம் வரைபடப்படி நடப்பட்டதா? ஆமாவா, இல்லையா?" என்றார். வக்கீல் தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 8, செவ்வாய்

விசாரணை அதிகாரி உத்தரவிட்ட கூட்டு அளவீடு. கம்பெனியின் சார்பில் அதே பெண். கூட அவளுடைய மேலதிகாரி, அக்டோபரில் நிமிர்ந்து பார்க்காத அதே ஆள். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். அவள் மறுமுனை.

இருபத்தொன்று புள்ளி இரண்டு. மேலதிகாரி அவள் காதருகே ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டவில்லை. அந்த எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

போகும்போது, "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டாள். நல்லாயிருக்கா என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள்.

மார்ச் 16, சனி

உத்தரவு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் கோபுரத்தை வரைபடத்தில் உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். அதுவரை மாதம் ஒருமுறை அளந்து எங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். தெருவில் ஒரே கூச்சல்.

கடையிலிருந்து கம்பெனி அலுவலகத்துக்குப் போன் செய்தேன், அந்தப் பெண்ணிடம் சொல்லலாம் என்று. மாற்றல் ஆகிவிட்டதாம். ஜனவரியிலேயே. எங்கோ ஒரு கிடங்கில் சாமான் எண்ணுகிற வேலை. "நிர்வாகக் காரணங்கள்" என்றான் போனை எடுத்தவன்.

நிர்வாகக் காரணம்! ஒழுங்காக அளந்ததற்குப் பேர் நிர்வாகக் காரணமா?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம்தான். அவளைத் திரும்ப அந்த வேலைக்கே அனுப்ப வேண்டும், ஏன் என்றால் இது இது நடந்தது. சாயங்காலம் நேராக மீட்டர் மாமா வீட்டுக்குப் போனேன். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று தாளை முழுவதும் படித்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"அந்தப் புள்ளையையா?" என்றார். "பேனா குடு."

முதல் கையெழுத்து அவருடையது. நாளை ஞாயிறு. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். காலையிலேயே கிளம்பினால் பதினான்கு வீட்டையும் முடித்துவிடலாம்.