கரண்ட் போகிற நேரம்

ஜாவா, இந்தோனேசியா
அக்டோபர் 2008

அன்புள்ள ஷபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா, குட்டிப் பாப்பா சோயாவுக்குச் சளி விட்டதா?

இங்கே பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியைக் குழாயில் பிடித்து, ராப்பகலாகக் கரண்ட் எடுக்கிறோம். வெள்ளிக்கிழமை, "ஐயோ, கரண்ட்டு பூடுச்சுங்க" என்று நீ சொல்லும்போதே உன் கார்ட்லெஸ் போன் அணைந்துவிட்டது. கூட வேலை செய்பவர்களிடம் சொன்னேன். "கரண்ட் எடுக்கிறவன் வீட்டிலேயே இருட்டா?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஷிப்ட் வேன் ஹார்ன் அடிக்கிறது. பம்மலில் தினமும் சாயங்காலம் எத்தனை மணிக்குக் கரண்ட் போகிறது என்று மறக்காமல் எழுது. போன் செய்வதற்காக இல்லை. இங்கே விளக்கு தானாக அணைவதே கிடையாது. அந்த ஒரு மணி நேரம் நானே அணைத்துவிட்டு உங்களோடு உட்கார்ந்திருப்பேன்.

உன்
உஸ்மான்