இன்னொன்னுக்குத் துணை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா. இங்கே நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது சின்னவள். என் கையெழுத்து உனக்குத் தெரியும், முப்பது வருஷம் மருந்துக்கடையில் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அப்பா கையால் எழுதினால் நீ இதை அங்கே இருக்கிற மருந்துக்கடைக்கு எடுத்துப் போவாய், அவர்கள் இருமல் மருந்து கொடுத்து அனுப்புவார்கள். அதனால்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார். சம்பளம் கிடையாது, எழுத்துக்கூலி எழுத்தில் மட்டும்.) அவள் நடுநடுவே எதையாவது சேர்ப்பாள், கண்டுகொள்ளாதே.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டுகிறதென்று பிளம்பர் மூன்று முறை வந்து போனார், இப்போது சமையலறைக் குழாயும் சேர்ந்து சொட்டுகிறது. கடைக்குப் புது முதலாளி வந்து அலமாரிகளையெல்லாம் மாற்றி அடுக்கிவிட்டார், காய்ச்சல் மாத்திரையைத் தேடி நான் குனிந்து நிமிர்வதைப் பார்த்து வாங்க வருகிறவர்கள் எனக்கு முதுகுவலித் தைலம் சிபாரிசு செய்கிறார்கள். சின்னவள் கணக்கில் முப்பத்தொன்பது. (டீச்சருக்குக் கழித்தல் கணக்குப் பிடிக்கும், எனக்கும் கழிக்கப் பிடிக்கும், பொழுதை.) மாடிப்படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குகிறது என்று அவளிடம் சொன்னாயாம். இரத்தம் பரிசோதித்துப் பார், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் தேநீரோடு விழுங்காதே, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. நான் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன் என்று உனக்கு இதற்குள் புரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நீ இவளை அழைப்பாய், படிப்பைக் கேட்பாய், பல்வலியைக் கேட்பாய், பிறகு மீன் எல்லாம் எப்படி இருக்கு என்று கேட்பாய். மூன்று வருஷமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை. நீ கடைசியாக வந்துவிட்டுப் போன முதல் மாதம் ஒரு தடவை நான் போனை வாங்கினேன், நீ வைத்துவிட்டாய், அது நியாயம்தான், அதன்பின் நான் வாங்கவில்லை. ஆனால் அந்த மீன் கேள்வி வரும்போது நான் கூடத்து வாசலில் நிற்பேன், இவள் என்னைப் பார்ப்பாள், நான் கையால் சைகை காட்டுவேன். மேனேஜர் நன்றாகச் சாப்பிடுகிறார், மாமியார் மற்றவர்களைத் துரத்துகிறாள், கடன்காரி மரத்துண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறாள், தூங்குமூஞ்சி தூங்குகிறான், இன்னொன்னும் சௌக்கியம். (மேனேஜருக்குத் தொப்பை, மாமியாருக்கு மூக்கில் குத்துவது, எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. இன்னொன்னுக்கு மட்டும் தோளைக் குலுக்குவார். நீயே அதற்குப் பேர் வைக்க அலுத்துப்போய் இன்னொன்னு என்று விட்டவள்தானே.) தொட்டி மணலில் ஊர்ந்து திரிகிற அந்த ஐந்து லோச் மீனுக்குச் சனிக்கிழமை தோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன், மணலைக் குழாய் வைத்து உறிஞ்சினேன், கண்ணாடியில் பாசி சுரண்டினேன். மீனைக் கேட்கும்போது நீ என்னைக் கேட்கிறாய் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். தப்பாக இருந்தால் இருக்கட்டும், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்போது விஷயம். இருபது நாளுக்கு முன் தொட்டி ஹீட்டர் பழுதாகி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் சில்லிட்டுவிட்டது, மறுவாரம் மீன்களின் உடம்பில் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. மருந்து வாங்கி வந்தேன். தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவின் உள்பக்கம் நீ கடைசியாகப் போன அன்று ஒட்டிவிட்டுப் போன தாள் இருக்கிறது, அதில் ஏழாவது வரி, லோச்சுக்குச் செதில் பேருக்குத்தான், மருந்து எதுவானாலும் பாதி அளவு, அடியில் இரண்டு கோடு. நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். படித்துவிட்டு, மருந்தைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாயா என்று நினைத்தேன். பாதி மருந்து சாப்பிட்டுவிட்டுக் குணமாகவில்லை என்று வருகிறவர்களைத் தினமும் திட்டுகிறவன் நான். புட்டியில் போட்டிருந்த அளவை மூடியில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஒரு சொட்டுக் குறையாமல் முழு அளவு விட்டேன்.

காலையில் நான்கு பேர் மணலில் ஒருக்களித்துக் கிடந்தார்கள். (அதை நான் சொல்கிறேன். லோச் இப்படி ஒருக்களித்துப் படுத்துச் செத்த மாதிரி நடிக்கும், முதல் தடவை அதைப் பார்த்து நீ அழுதது, அது எழுந்து ஓடியது, எல்லாம் ஞாபகம் இருக்கிறதா. அப்பா பதறிப்போய்க் கூப்பிட்டார், நான் பல் தேய்த்துக்கொண்டே வந்து, விடுங்கப்பா, நடிக்குதுங்க, மேனேஜர் லீவு போட்டுட்டாரு, மாமியார் மயக்கம் போட்டுட்டா என்று சிரித்தேன். நுரை வாயோடு கால் மணி நேரம் சிரித்தேன். பிறகு அப்பா வலையால் மேனேஜரைத் தொட்டார், அது தள்ளின பக்கம் அப்படியே உருண்டு போயிற்று.) மாத்திரை போட்டுக் கொடுக்கிற காகித உறை கடையிலிருந்து கொண்டுவந்தது வீட்டில் கிடந்தது, அதில் ஒவ்வொன்றாக வைத்துத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தேன். இன்னொன்னு மட்டும் எப்படியோ பிழைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நீ கேட்டாய், இவள் நல்லாருக்கு அக்கா என்றாள். நான் வாசலில்தான் நின்றேன், தடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. (யோசனை என்னுடையது. நாலு லோச் வாங்கிப் போட்டுவிட்டால் அக்காவுக்கு எங்கே தெரியப்போகிறது, போட்டோ கேட்டால் தூரத்திலிருந்து மங்கலாக எடுத்து அனுப்பிவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.) நான் சரி என்றேன். இரண்டு பேருமாக மீன் தொட்டி விற்கிறவரிடம் போனோம். நம் வீட்டு மீன்கள் யோயோ லோச், அதைப்போல ஆறு இஞ்ச்சில் நாலு வேண்டும் என்றேன். அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, யோயோ இருக்கு சார், ஆனா ரெண்டு இஞ்ச் குட்டிங்க, உங்க வீட்டுல இருக்கறது ஆறு இஞ்ச்ங்கறீங்க என்றார். குட்டியில் உடம்பெல்லாம் எழுத்து எழுதின மாதிரிக் கோடு தனித்தனியாக இருக்கும், வளர வளர எல்லாம் சேர்ந்து வலை பின்னினது போல ஆகிவிடும், ஒன்றின் வலை இன்னொன்றுக்கு வராது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவள் உடனே, பரவால்ல அண்ணே, டயட்ல இருக்குன்னு சொல்லிக்கறோம் என்றாள். கிளவுன் லோச் ஆரஞ்சும் கறுப்புமாகப் பெரிதாகவே நின்றது, அதைக் காட்டினேன். அது ஒரு அடி வளரும் சார், உங்க நாலடித் தொட்டியில விட்டா ஆட்டோவுல ஒட்டகத்தை ஏத்தின கதைதான் என்றார். கூலி லோச் என்று புழுவைப் போல மெல்லிசாக ஒன்று, போட்ட அன்னைக்குப் பாப்பீங்க, அப்புறம் தொட்டி கழுவுற அன்னைக்குத்தான் பாப்பீங்க என்றார். (கண்ணுக்கே தெரியாத மீனை எதுக்கு வாங்கணும், வாங்கிட்டோம்னு நெனச்சுக்கிட்டாப் போதாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை.) கடைசியில் ஜீப்ரா லோச். விரல் நீளம்தான், சண்டைக்குப் போகாது, மீந்ததைத் தின்னும், உங்க தொட்டி அளவுக்கு இதுல அஞ்சாறு விடுங்க சார், நான் சொல்றதைக் கேளுங்க என்றார்.

நான் கேட்கவில்லை. அதே யோயோதான் வேண்டும், இருக்கிற குட்டிகளில் பெரியதாகப் பார்த்து நாலு பிடியுங்கள் என்றேன். அவர் பிடித்து, பையில் காற்று நிரப்பி, ரப்பர் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க சார், அதே மாதிரியே இருக்கணும்ங்கறீங்களே, யாருக்குத் தெரியக்கூடாது என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வாயில் பதில் வந்துவிட்டது, என் பெரிய பொண்ணுக்கு. அது காதில் விழுந்ததும் என்னால் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மேசைமேல் வைத்து, ரப்பரைக் கழற்றி மீனை விட்டுவிடுங்கள், நான் அவளைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க இவள் ஏன்ப்பா ஏன்ப்பா என்று கேட்டாள். வந்ததும் தாள் எடுத்து உட்காரச் சொன்னேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மா படுத்திருந்த அந்த ஏழு வாரமும் உனக்கு நான் சொன்னது வயிற்றுப் புண், மருந்து சாப்பிடுகிறாள், தேறிவருகிறாள் என்பதுதான். உனக்கு அங்கே கடைசிப் பரீட்சை. நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏன் சொல்லல என்று நீ என் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது, அம்மாதான் சொல்லக் கூடாதுன்னா, அவ பேச்சை நான் மீற முடியுமா என்றேன். அதில் பாதிதான் உண்மை. படுத்த புதிதில் அவள் அப்படிச் சொன்னாள். கடைசி நான்கு நாள் அவள் அப்படிச் சொல்லவில்லை. பெரியவ எப்ப வரா என்று கேட்டாள். காலையில் கேட்டாள், மருந்து கொடுக்கும்போது கேட்டாள், கதவு சத்தம் கேட்டால் அவளா என்று கேட்டாள். வந்துட்டே இருக்கா என்று நான் சொன்னேன். உனக்குப் போன் செய்யவே இல்லை. நாலு நாளில் பரீட்சை முடிந்துவிடும், அதற்குள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, மருந்தின் அளவு எனக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். உனக்குச் செய்தியைப் பாதி அளவு கொடுத்தேன், மீனுக்கு மருந்தை முழு அளவு கொடுத்தேன். இரண்டையும் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும்.

(அக்கா, இது எனக்கும் இப்போதுதான் தெரியும். அப்பாவே இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் எழுதினேன். எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடு, நானே கிறுக்கிக்கொள்கிறேன் என்றார். எழுதிவிட்டேன். இனிமேல் அடைப்புக்குறி போட மாட்டேன்.)

உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அந்தச் சுமையையும் உன்மேல் ஏற்ற மாட்டேன். கேட்பது மீனுக்காக. லோச் ஒற்றையாக இருக்கிற பிராணி இல்லை என்று உன் தாளிலேயே இருக்கிறது, அந்தக் கடைக்காரரும் தனியா விட்டா ஒளிஞ்சே கெடந்து தீனி எடுக்காமப் போயிடும் சார் என்றார். இன்னொன்னு இப்போது அப்படித்தான் இருக்கிறது, மண்சட்டிக்குள் போனால் வெளியே வருவதில்லை, போடுகிற இரை அப்படியே கிடக்கிறது. யோயோ குட்டிகள் வாங்கினால் இது பெரிய உடம்பாயிற்றே, துரத்தாதா. ஜீப்ரா வாங்கினால் வேறு ஜாதி என்று சேர்த்துக்கொள்ளாமல் போகுமோ. எது, எத்தனை, முதலில் தனி வாளியில் எத்தனை நாள் வைப்பது, இதை மட்டும் நீ எழுது. எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் இவள் பேருக்கு எழுது. நான் இனித் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இதை எழுதத் தொடங்கி மூன்று நாளாகிறது. முந்தாநாள் இவள் அம்மாவின் கைக்கண்ணாடியைத் தொட்டியின் பக்கவாட்டில், மீனுக்கு அதன் முகமே தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தாள். இன்னொன்னு சட்டியை விட்டு வெளியே வந்து, அதன் முன் போய் நின்று, அங்கேயே படுத்தது, இரண்டு துண்டு இரையும் தின்றது. ஏமாத்துறதெல்லாம் போதும் எடு என்று நான் சத்தம் போட்டேன், எடுத்துவிட்டாள். சாயங்காலம் வரை அது அந்த மூலையிலேயே கண்ணாடிச் சுவரை மூக்கால் தட்டித் தட்டித் தேடியது, சட்டிக்கும் போகவில்லை. பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. நானே எழுந்து போய்த் திரும்ப வைத்துவிட்டேன். பொய்தான். ஆனால் இந்தத் தடவை உன்னிடம் சொல்லிவிட்டு வைத்திருக்கிறேன். உன் பதில் வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, கூட நாலு பேரோடு நன்றாக இருக்க வேண்டும், இது அம்மாவும் சேர்ந்து சொல்வதாக வைத்துக்கொள். இரத்தப் பரிசோதனையை மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்காமல் போகலாம், பதினோரு மணிக்குச் சின்னவள் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், அவளையாவது காக்க வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா