நைனா, நம்மிடம் இல்லாத அந்தத் துண்டு

என் செல்ல நைனாவுக்கு,

முதலில் என் மானம் போன கதை. திருமலைப் படி ஏறும்போது மூச்சு வாங்கியதால் திருப்பதியில் இதய டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, "உங்க ஜீன்ல ஒரு சின்னத் துண்டு இல்ல" என்றார். "என்ன துன்னா வளரும் சார்?" என்று கேட்டேன். நர்ஸம்மா சிரிப்பை அடக்க வெளியே ஓடினாள். பத்தாவது ஃபெயில் என்பதை இதைவிட அழகாக யாரால் சொல்ல முடியும்?

வளராதாம். இதயத் தசைக்கான ஜீனில் இருபத்தைந்து எழுத்து விடுபட்டிருக்கிறதாம். நம் நாட்டில் பலருக்கு இப்படி உண்டு. நிறையப் பேருக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகாது, சிலருக்கு நடுவயதுக்கு மேல் இதயம் தளர்ந்துபோகும்.

நகரியில் தறி மேலேயே நீ சாய்ந்தபோது காத்துகருப்பு என்றார்கள். இதுதானா நைனா? அம்மாவும் உன் பின்னாலேயே வந்துவிட்டாள். யார் ரத்தத்தை எடுத்துப் பார்ப்பேன்?

தங்கச்சி செல்விக்கும் இருக்கிறது. வீட்டுமனைக்கு அடித்துக்கொண்ட நாங்கள் இதை மட்டும் சத்தமில்லாமல் பாகம் பிரித்துக்கொண்டோம்.

என் மகள் கவிதாவுக்குச் செல்வி மகன் முரளி என்று தொட்டிலிலேயே முடிச்சுப் போட்டாயே. அவளுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, அவனுக்கு ரேணிகுண்டா பக்கம் செல்போன் கம்பெனி. இன்னும் அவனை அத்தான் முறை வைத்துப் பாவா என்றுதான் கூப்பிடுகிறாள். இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு இரட்டையாகச் சேரலாம், அதுதான் பெரிய ஆபத்து என்றார் டாக்டர். சோதித்தோம்.

கவிதாவுக்கு இல்லை. முரளிக்கு இருக்கிறது.

செல்வி அழுதாள். "என் புள்ளைய வேணாம்னுடுவியா அண்ணா?"

"எனக்கும்தான் இருக்குது. கல்லு மாதிரி குந்திக்கினு இல்ல?"

"மூச்சு வாங்கிக்கினு குந்திக்கினு இருக்க!" என்றாள் அழுகையோடு.

கவிதாதான் பேசினாள். "ஒரு பக்கம்தானே அத்தை. பொறக்கறதுக்கு வரலாம், வராமயும் போலாம். வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிக்கினா பாத்துக்கலாம். பாவா, இப்பவே லீவு கேட்டு வை."

"லீவு கேட்டாத்தான் எனக்கு ஹார்ட்டு நின்னுடும்" என்றான் முரளி.

தையில் கல்யாணம். வருடந்தோறும் அவனை நானே ஸ்கேனுக்குக் கூட்டிப்போவேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. பஸ்ஸில் ஜன்னலோரம்கூட அவனுக்குத்தான்.

எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். கவிதா வாய் திறக்கும் முன், 'வேணாம்னு சொல்லிடும்மா' என்று என் மனசு கெஞ்சியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கவிதாவுக்கு அப்பனாகிவிட்ட
உன் மூத்த பிள்ளை