மூன்றாம் மாதப் படிவம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முகாமில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி கடிதம்தான். நீ நிரப்பி அனுப்பிய படிவத்தை மருத்துவப் பிரிவில் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். கண்ணாடியை விடச் செய்த லேசர் சிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாதப் பரிசோதனை என்று லீவு கேட்டால் இங்கே முறைக்கிறார்கள். கண் ஆஸ்பத்திரியில் ஒரு அக்கா இருந்ததால் பிழைத்தேன்.

கிடங்கில் மூட்டை எண்ணிய இந்தச் சோடாபுட்டி இரண்டு வாரமாகப் படை லாரி ஓட்டுகிறான்! பின்னால் பதினெட்டுப் பேர். பெரும்பாலும் இரவு ஓட்டம். எதிரே வரும் விளக்கைச் சுற்றி மட்டும் பூசணிக்காய் அளவுக்கு ஒரு வளையம் தெரிகிறது. போகப் போகச் சரியாகிவிடும், இல்லையா? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. வளையத்தைப் பற்றிப் போகிற போக்கில் எழுதுகிறாய்! அன்று போனில் என்ன சொன்னாய்? "எல்லாம் பளிச்சுனு தெரியுதுக்கா, நீ சும்மா எழுதிப் போடு." பதினான்கு வருடமாகக் கண் பார்க்கிறேன். எதிரே உட்காராத ஒருவனைப் பரிசோதித்ததாக எழுதியது அதுதான் முதல் தடவை. 'இரவில் ஒளிவளையம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியவள் நான்.

சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடுகிறாயா? மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தவன்தானே நீ! சிலருக்கு இது தானாகக் குறையும், சிலருக்கு வைத்தியம் வேண்டும். பார்க்காமல் சொல்ல முடியாது. உடனே உன் முகாம் மேஜரிடம் போய்ச் சொல். அதுவரை ராத்திரியில் ஸ்டியரிங்கைத் தொடாதே.

அக்கா

ஜூன் 19

அக்கா,

நீ ஏசி அறையில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைக் காட்டுகிறவள். உனக்கு என்ன தெரியும்? ஆறு வருடம் இங்கே எனக்குப் பெயரே கிடையாது. "டேய் சோடாபுட்டி, ரெண்டு மூட்டை எறக்குடா." அவ்வளவுதான். இப்போது போய் வளையம் தெரிகிறது என்றால், ஆபரேஷன் செய்தும் தேறாதவன் என்று மறுபடி அதே கிடங்கில் தள்ளுவார்கள்.

என் கண், எனக்குத் தெரியாதா? நீயாக எதையாவது எழுதித் தொலைத்தால் உன் வேலையும் போகும், ஞாபகம் வைத்துக்கொள். மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும். பேசாமல் இரு.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

உன் கண்தான், யார் இல்லை என்றது? பின்னால் உட்கார்ந்திருப்பது முப்பத்தாறு கண்.

என்னையே மிரட்டுகிறாய். பயந்தேன், நாலு நாள் சோறு இறங்கவில்லை. உன் மாமா கடிதத்தைப் படித்துவிட்டு, "எழுதிடு. வேலை போனா வேற பாத்துக்கலாம்" என்றார். எழுதிவிட்டேன். கண்ணைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று உன் மேஜருக்கு. எங்கள் தலைமை மருத்துவரிடம் நேரிலேயே சொன்னேன். என் பெயர் முத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார், இனி வர வேண்டாம் என்று. ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் மேல் ஆத்திரம் அடங்கவில்லை, என் மேலும்தான். நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கும் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

லாரிச் சாவியை எல்லோர் முன்னாலும் வாங்கினார்கள். விசாரணை முடியும்வரை கிடங்கு. உனக்குத் திருப்திதானே?

கண்ணைப் பரிசோதித்தார்கள். வலது கண்ணில் மங்கல் படர்ந்திருக்கிறதாம். "சொட்டு மருந்தை நிறுத்திட்டியா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம், நிறுத்தியிருந்தேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முந்தின நாள், முகாம் வாசலில் டார்ச்சோடு நின்ற காவலாளி இன்னும் தூரத்தில் இருக்கிறார் என்று நினைத்து லாரியை விட்டேன். அவர் பள்ளத்தில் குதித்துத் தப்பினார். "கண்ணு தெரியலையாடா உனக்கு?" என்று கத்தினார். தூக்கக் கலக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாள்தான் வளையத்தைப் பற்றி உனக்கு எழுதினேன். எப்போதும் போல "ஒண்ணும் ஆகாதுடா" என்று நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

உன் வேலை போனது என்னால். அதைச் சொல்ல வாய் வராமல்தான் உன் மேல் எரிந்து விழுகிறேன். இப்போதைக்கு எனக்குக் கடிதம் போடாதே. போட்டால் பிரிக்காமல் இருக்க என்னால் முடியாது.

தம்பி