எண்ணப்படாத புள்ளடி

என் அருமை அப்பா,

உங்கள் வாக்கை இந்த நாடு எண்ணவே இல்லை. நீங்கள் இறந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, போன சனிக்கிழமைதான் எனக்கு இது தெரிந்தது.

மெல்பேர்னில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தேர்தல் நாள் வேலை கிடைத்தது. ஆறு மணிக்குக் கதவைப் பூட்டி, வாக்குச்சீட்டுகளைப் பிரித்தோம். ஒரு சீட்டில் ஒரேயொரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. மற்றக் கட்டங்கள் வெறுமை. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கட்டே சேர்ந்துவிட்டது. எல்லாம் செல்லாதவை. இங்கே எல்லாப் பெயர்களுக்கும் நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடவேண்டும். ஊரில் போட்டதுபோலப் புள்ளடி மட்டும் போட்டால் சீட்டு செல்லாது.

எனக்கு நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். படகில் வந்து, குடியுரிமைக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, முதல்முறை வாக்குப் போட்டுவிட்டு வந்தீர்களே, அந்த நாள்.

"வடிவா ஒரு புள்ளடி போட்டனான் பிள்ளை. கோட்டுக்கு வெளியில போகேல்லை."

"ஆருக்கு அப்பா?"

"கொம்மாவுக்கே சொல்லேல்லை. உனக்குச் சொல்லுவனோ?"

ஊரில் ஆருக்குப் போட்டோம் என்று தெரிந்தால் வீட்டுக்கு ஆள் வரும். அந்தப் பயத்தில் இங்கேயும் வாய் திறக்கவில்லை நீங்கள். நான் போனைப் பார்த்தபடி சிரித்தேன். புள்ளடி என்று காதில் விழுந்தும் ஏன் நிமிரவில்லை?

தமிழில் ஒரு தாள்கூட இல்லையா என்று மண்டபப் பொறுப்பாளரிடம் கேட்டேன். ஒன்லைனில் இருக்கிறது, சீட்டுக் கொடுக்கும்போது வாயாலும் சொல்கிறோம் என்றார். ஆங்கிலத்தில், வரிசை நகரும் வேகத்தில். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். வாக்குப் போட வராதவருக்குத் தண்டம் அடிக்கத் தெரிந்த நாடு, வந்தவரின் வாக்கு செல்லுமா என்று கவலைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை நிறுத்தினார்.

"நானும் காலமை போய்ப் புள்ளடிதானே போட்டனான்!"



அப்பா, த பேசின் புறநகரில் இருக்கிற எங்கள் கோயிலுக்கு வருகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, மாதிரிச் சீட்டில் எண் போடப் பழக்குவேன். முதல் ஆள் அம்மா. ஆனால் சீட்டைக் கொடுக்கிறவர்களின் வேலையை நான் ஏன் செய்யவேண்டும்? இந்தக் கடிதத்தின் பிரதியைத் தேர்தல் அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். இதை வாசிக்கிற அதிகாரிகளே, அடுத்த தேர்தலில் அம்மாவின் கையில் சீட்டைக் கொடுக்க முதல், அவருக்கு விளங்குகிற மொழியில் சொல்லுங்கள். சொல்வீர்களா? ஓமா, இல்லையா?

உங்கள் மூத்த மகள்,
தர்சினி